ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் யாழ்ப்பாணத்தில் இருந்தால் நாள் எப்படிப் போகும்?

கேள்வி கேட்ட தங்கச்சி சொல்வது சுருக்கமாக இதுதான். வயது 33. கொழும்பில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பகுதியில் வேலை. தைப்பொங்கலோடு வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடம் கோண்டாவிலில் அம்மாவோடு இருக்கப்போகிறார். நாள் எப்படிப் போகும், மாதம் எவ்வளவு காசு வேண்டும், ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது, ஸ்கூட்டியை விற்கலாமா என்று நாலு கேள்வி.

நான் இதைச் செய்து பார்த்தவள். 2023 மாசியிலிருந்து 2024 தை முடியும்வரை இணுவிலில், எங்கள் வீட்டில் இருந்தேன். அதற்கு முதல் பன்னிரண்டு வருடம் கொழும்பில் கணக்காய்வு வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நாள் போகாது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள் போல. நாள் பறக்கும். நான் படுத்தபாடு வேறு. வந்து மூன்றாவது கிழமை, காலை ஏழு மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் வங்கிப் புத்தகம். "பிள்ளை, நீ சும்மாதானே நிக்கிறாய், ஒருக்கா என்னோடை பாங்குக்கு வாவன்." போனேன். அடுத்த கிழமை அவரோடு பெரியாஸ்பத்திரி கிளினிக். நம்பர் எடுக்கவென்று விடியவே போய், மருந்தும் வாங்கிக்கொண்டு வீடு வர ஒன்றரை மணி. அதற்குப் பிறகு முன்வீட்டுப் பெடியனுக்கு ஓ.எல். கணக்கு. கனடாவில் இருக்கும் மச்சாளின் காணியை அளக்க நில அளவையாளர் வந்தபோது எல்லைக்கல் காட்டப் போய் நின்றதும் நான்தான். விதானையாரிடம் (கிராம அலுவலர்) கையெழுத்து, பிரதேச செயலகத்தில் படிவம், யாருடையதோ பிறப்புச் சான்றிதழின் பிரதி. சித்திரை பிறக்கும்போது எங்கள் ஒழுங்கைக்கே சம்பளமில்லாத கிளார்க் நான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் கொழும்பில் இருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் கிளினிக்குக் கூட்டிப்போனது அதே பெரியம்மாவின் மகன்தான். அந்தக் கடன் ஒன்று இருக்கிறது. ஆனால் நேரத்தை ஊர் வந்து பிரிக்கும் முன் நீங்களே பிரித்துவிடவேண்டும். நான் வைகாசியில்தான் அதைச் செய்தேன். காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு மணிவரை எனக்கு. பின்னேரம் யார் கூப்பிட்டாலும் வருவேன். முதலில் அம்மாவே முகத்தைச் சுளித்தார். இரண்டு கிழமையில் பெரியம்மாவே மற்றவர்களிடம் "அவ காலமை படிக்கிறவ, பின்னேரம் கேளுங்கோ" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். "ஓய்வெடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், படலையில் நிற்பவர் அசையமாட்டார். படிக்கிற பிள்ளையை மட்டும் எங்கள் ஊரில் யாரும் குழப்பமாட்டார்கள். அந்தச் சலுகையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொய்யும் சொல்லவில்லை, உண்மையாகவே படித்தேன். பன்னிரண்டு வருடம் கொழும்பில் சிங்களம் கதைத்தேனே தவிர, பஸ் பலகையைத் தாண்டி வாசிக்கத் தெரியாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கான ஆறாம் ஆண்டு இரண்டாம் மொழிச் சிங்களப் புத்தகத்தில் தொடங்கினேன். கிழமையில் இரண்டு நாள் அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் பொதுநூலகத்துக்கு. 1981இல் எரிக்கப்பட்டு, 2003இல் திரும்பத் திறந்த அதே வெள்ளைக் கட்டடம்தான். பத்திரிகைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஐயாமார் நிறையப் பேர் இருப்பார்கள். ஒருவர் பேப்பரை மடித்து வைக்கும்வரை இன்னொருவர் பக்கத்திலேயே காத்து நிற்பார். அந்த இடத்தில் இருக்கும்போது வேலை இல்லாதவள் என்ற எண்ணமே வராது.

சரி, ஒரு சாதாரண நாள். ஐந்து மணிக்குக் கோயில் மணி எழுப்பிவிடும். எழும்பாமல் படுத்திருக்கலாம்தான், ஆனால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசாத மாதங்களில் ஆறரைக்கே வெக்கை தொடங்கிவிடும். ஒரு பிளேன்டீயோடு கிணற்றடிக்குப் போய் வாழைக்கும் கத்தரிக்கும் தண்ணீர் விடுவேன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் எங்கள் கிணறு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். கொழும்பில் குழாயைத் திறந்து பழகியவளுக்கு, புரட்டாதி பிறக்கும்போது கிணற்றில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எட்டிப் பார்ப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது.

ஏழு மணிக்குச் சைக்கிளில் மருதனார்மடம் சந்தை. பொருள் நிறைய வேண்டுமென்றால் சுன்னாகம், யாழ்ப்பாணப் பக்கம் போகிற வேலை இருந்தால் திருநெல்வேலி. கொழும்பில் சனிக்கிழமை ஒருநாள் போய் ஒரு கிழமைக்கு வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அடைத்த எனக்கு, அன்றன்றைக்கு ஒரு பிடி கீரையும் இரண்டு முருங்கைக்காயும் வாங்குவது முதலில் வீண்வேலையாகப் பட்டது. பிறகு பார்த்தால் அதுதான் வேலைக்குப் போவதுபோல என்னை வீட்டிலிருந்து வெளியே தள்ளிய விஷயம். தலை இழுத்து, செருப்புப் போட்டு, நாலு பேரிடம் கதைத்துவிட்டு வருவேன். காலை இடியப்பமும் சொதியும் முடிய எட்டரை. அதற்குப் பிறகு என் நேரம்.

மத்தியானம் சோறு. பிறகு விறாந்தையில் சீமெந்துத் தரையில் ஒரு நித்திரை. இதற்குக் குற்ற உணர்ச்சி போக எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மூன்று மணிக்குப் பிறகு ஊர்வேலை, ஆறு மணிக்கு விளக்கு.

எனக்குக் கஷ்டமாக இருந்தது இரவுதான். இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கொழும்பில் ஒன்பது மணிக்குத்தான் சாப்பிடவே வெளியில் போவோம். இங்கே எட்டு மணிக்குப் படலை பூட்டியாகிவிடும், ஒழுங்கை இருட்டு, நாய்கள் வேறு. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். மிச்சப்பேருக்குப் பிள்ளைகள், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், ரியூசன். அவர்களிடம் இரவு எட்டரைக்குக் கதைக்கப் போக முடியாது. ரொறன்ரோவில் இருக்கும் சிநேகிதி தன் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு எடுக்கும்போது இங்கே விடிந்து கிணற்றடியில் நிற்பேன். கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். எனக்குக் கதை வேண்டிய நேரம் அவள் வேலையில். இதற்கு நான் கண்ட ஒரே வழி, ஏழு மணிக்கு அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவது. இரவை நீட்டி வைத்தால் போன்தான் தின்னும். மாசி, பங்குனி இரண்டு மாதமும் எனக்கு அப்படித்தான் போனது: இரவு இரண்டு மணிவரை போன், காலை பத்து மணிவரை நித்திரை, அம்மாவின் முகத்தில் ஒரு கேள்வி.

முதல் ஆறு கிழமை நித்திரையாகக் கிடந்தால் பரவாயில்லை. உடம்பு கேட்கும். அது மூன்று மாதமானால் எழும்பவேண்டும்.

வருடத்தை மாதப்படி பார்க்காதீர்கள், காற்றுப்படி பாருங்கள். சித்திரையில் வெயில் கொளுத்தும், அப்போது பெரிய திட்டம் ஒன்றும் வைக்கவேண்டாம். வைகாசிக் கடைசியில் சோளகம் எழும்பும். நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அந்தக் காலத்தில்தான். புழுதியும் அதே காற்றோடுதான், விறாந்தையை நாளுக்கு இரண்டு தரம் கூட்டவேண்டும். ஆடிப்பிறப்புக்குக் கூழ். ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தம் வந்து இறங்கும். அப்போது உங்கள் காலை நேரத்தையும் சேர்த்து மறந்துவிடுங்கள், ஐந்து கிழமைக்கு நீங்கள்தான் வழிகாட்டி. கீரிமலைக் கேணி, கசூரினா கடற்கரை, குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுப் படகு என்று நான் அந்த வருடம் மூன்று சுற்றுப் போனேன். நெடுந்தீவுக்கு மட்டும் தனியாக ஒருநாள் போய் வாருங்கள். சொந்தக்காரரோடு போனால் குதிரையையும் பெருக்கமரத்தையும் படமெடுத்துவிட்டுக் கடைசிப் படகு போய்விடும் என்று ஓடிவருவார்கள். பவளக்கல் மதில்களுக்கு நடுவே சும்மா நடக்க விடமாட்டார்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். கொழும்பில் இருந்த காலம் தேருக்கு ஒருநாள் இரவு பஸ்ஸில் வந்து, அடுத்த இரவே திரும்பிப் போனவள் நான். அந்த வருடம்தான் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம்வரை எல்லா நாளும் போனேன். எங்கள் வீட்டில் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. இணுவிலில் இருந்து சைக்கிளில் போய், தூரத்திலேயே நிறுத்திவிட்டு வெறுங்காலோடு வெள்ளை மணலில் நடக்கவேண்டும். பூசை சொன்ன மணிக்குத் தொடங்கும், யாருக்காகவும் காத்திருக்காது. நான் போன காலத்தில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். சம்பளமில்லாத வருடத்தில் அது ஒரு ஆறுதல்தான்.

ஐப்பசியில் மழை. உடுப்புக் காயாது, ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். மழை விட்டதும் முற்றத்தில் கிடக்கும் சிரட்டை, யோக்கட் கோப்பை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். 2023 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு மோசமாகப் பரவியது. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் படுத்தார்கள். மார்கழி விடியற்காலையில் திருவெம்பாவை பாடிக்கொண்டு சங்கும் சேமக்கலமுமாக ஆட்கள் வருவார்கள். அதற்கு எழும்பிப் பாருங்கள்.

இதற்கிடையில் ஒன்றைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். பனம்பாத்தி, அதாவது பனங்கிழங்குக்கு விதை போடும் பாத்தி. ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். களியைப் பிசைந்து எடுத்துவிட்டு மிஞ்சும் விதைகளை அம்மா வேலியோரமாகக் குவித்து வைத்திருந்தார். நான் மண்ணைக் கொத்தி இளக்கி, பாத்தியை ஒரு முழம் உயர்த்தினேன். அம்மா கதிரை போட்டு இருந்து "நெருக்கி அடுக்கு, இடைவெளி விடாதை" என்று சொல்லச் சொல்ல, இருநூறு விதைக்கு மேல் அடுக்கி மண்ணால் மூடினோம். மழை வரும்வரை தண்ணீர் தெளித்தேன், பிறகு மழை பார்த்துக்கொண்டது. கார்த்திகையில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு விதையைத் தோண்டி எடுத்துக் கத்தியால் கொத்தி, உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற பூரானைச் சாப்பிட்டேன். எனக்கு அப்போது வயது 36. தையில் கிழங்கு கிண்டினோம். பாதியை அவித்து, தோலுரித்து, நடுத்தும்பை எடுத்து, வெயிலில் போட்டுப் புழுக்கொடியலாக்கினோம். அவிக்காமல் கிழித்துக் காயவைத்த மற்றப் பாதி ஒடியல், அது மாவாகிக் கூழுக்குப் போனது. வேலையில் இருக்கும் ஒருவர் இதை முழுதாகச் செய்ய முடியாது. நாலைந்து மாதம் ஒரே இடத்தில் இருந்தால்தான் நடக்கும்.

இனிக் காசு. நாங்கள் இரண்டு பேர், சொந்த வீடு, வாடகை இல்லை. சாப்பாடு, கரன்ட், காஸ், போன், அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து 2023இல் மாதம் 60,000 ரூபாய்க்குள் அடங்கியது. நான் கணக்குப் போட்டதும் அதைத்தான். போடாமல் விட்டது நல்லதும் கெட்டதும். அந்த வருடம் ஏழு கலியாணவீடு, நாலு சாமத்தியவீடு, இரண்டு குடிபூரல். கொழும்பில் இருக்கும்போது வீட்டுக்கு ஒரு என்வலப் போதும், அம்மா கொண்டுபோவார். ஊரில் நிற்கும்போது நீங்களும் போகவேண்டும், சேலை வேண்டும், பூ வேண்டும், ஓட்டோ வேண்டும். செத்தவீட்டுக்கு என்வலப் இல்லை, ஆனால் எட்டாம் நாள் சடங்கு, மாத முடிவில் அந்தியேட்டி என்று ஒரு மாதத்துக்குப் போய்வரவேண்டும். உங்கள் பன்னிரண்டு மாதக் கணக்கில் பதின்மூன்றாவது மாதம் ஒன்றை இதற்கென்றே வையுங்கள்.

கணக்குப் பகுதியில் இருப்பவருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஈ.பி.எஃப்பை (ஊழியர் சேமலாப நிதி) நம்பவேண்டாம், பெண்களுக்கு அது பொதுவாக 50 வயதில்தான் கைக்கு வரும். ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) அப்படியல்ல. வேலையை விட்டவர் வயது பாராமல் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். ஒன்பது வருடம் வேலை செய்ததால் பணிக்கொடையும் உண்டு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். வேலை முடிந்து 30 நாளுக்குள் தரவேண்டும் என்பது சட்டம். எனக்கு அது ஐந்தாம் மாதம்தான் வந்தது. ஈ.டி.எஃப் படிவத்துக்கு ஒரு கையெழுத்து வாங்க இரண்டு தரம் கொழும்புக்கு இரவு பஸ் ஏறினேன், போகவர எண்ணூறு கிலோமீற்றர். கையெழுத்து வைக்கவேண்டியவர் இரண்டு தரமும் லீவு. அதனால் கடைசி நாளில் கேக் வெட்டுவதற்கு முன்னமே படிவங்களைக் கையில் வாங்கிவிடுங்கள்.

வட்டியை நம்பி வரும் எண்ணம் இருந்தால் திரும்ப ஒருமுறை கணக்குப் பாருங்கள். நான் 2023 தொடக்கத்தில் போட்ட ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கிடைத்தது. நாடு கெட்டுக் கிடந்த நேரத்து வட்டி அது. அதற்குப் பிறகு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2025 சித்திரையிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஆனால் உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்குள் நின்றால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்துப் பிடிக்காமல் செய்யலாம். சம்பளம் இல்லாத வருடத்தில் அநேகமாக அதற்குள்தான் நிற்பீர்கள். வந்த கிழமையே போய்க் கொடுத்துவிடுங்கள்.

ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது? முதல் மாதம் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். வேலை போய்விட்டதோ, வெளிநாடு சரிவந்துவிட்டதோ, கலியாணம் பேசுகிறார்களோ. நான் முதலில் ஆளுக்கொரு காரணம் சொன்னேன். பெரிய பிழை. சின்னம்மாவிடம் "லீவு" என்றேன், கோயிலில் கண்ட மாமியிடம் "கொழும்பு அலுத்துப்போச்சு" என்றேன். இரண்டும் தேர்முட்டியடியில் சந்தித்து, எனக்குச் சுகமில்லை என்று மூன்றாவது கதையாக அம்மாவிடம் திரும்பி வந்தது. ஒரே வசனத்தை வைத்துக்கொள்ளுங்கள்: "ஒரு வருசம் அம்மாவோடை நிக்க வந்தனான், வாற தையிலை திரும்ப வேலை." திகதி சொன்னால் ஆட்கள் அடங்கிவிடுவார்கள். முக்கியமாக அம்மாவும் அதே வசனத்தைச் சொல்லவேண்டும். இதை வரமுன்னமே போனில் பேசி வையுங்கள், ஏனென்றால் படலையில் பதில் சொல்பவர் அவர்தான். கலியாணப் பேச்சு மட்டும் எந்த வசனத்துக்கும் நிற்காது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

திரும்ப வேலை தேடும்போது அந்த ஒரு வருட இடைவெளியை நேர்முகத்தில் கேட்டார்கள். அம்மாவோடு இருந்தேன், சிங்களம் வாசிக்கப் படித்தேன் என்றேன். ஒருவர் மேசையில் கிடந்த சிங்களப் பத்திரிகையைத் தள்ளி, வாசிக்கச் சொன்னார். தட்டுத்தடுமாறி ஒரு பந்தி வாசித்தேன். வேறொரு இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை கிடைக்க மூன்று மாதம் எடுத்தது, அதையும் உங்கள் காசுக் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக ஸ்கூட்டி. விற்கவேண்டாம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி ஐந்து வருடம் கழித்துத்தான் திறந்தார்கள். ஒருதரம் கைவிட்டால் திரும்ப அதே விலைக்கு வாங்குவது கனவு. ஊருக்குக் கொண்டுவந்து மூடி வையுங்கள். ஆனால் முதல் மூன்று மாதம் அம்மாவின் சைக்கிளுக்கு ரியூப் மாற்றி அதில்தான் திரியுங்கள். நான் 2023இல் பெற்றோல் கியூ.ஆர். பங்கீட்டுக்குப் பயந்து சைக்கிள் எடுத்தவள். செப்டெம்பரில் பங்கீடு நின்ற பிறகும் விடவில்லை. சைக்கிளில் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு கிளினிக்குப் போகச் சொல்லிப் பெரியம்மாவால் கேட்க முடியாது.